எடின்பரோவில் ஓராண்டு இலக்கிய முதுகலை: ஆகஸ்ட் விழாக்களும் ஆய்வேடும் ஒத்துவருமா?

தேன்சிட்டு:
செப்டம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இலக்கிய முதுகலை சேரப்போகிறேன், 12 மாதப் படிப்பு. யுனெஸ்கோ 2004இல் முதல் இலக்கிய நகரமாக அறிவித்த ஊர் என்பதாலேயே தேர்ந்தெடுத்தேன். புத்தகத் திருவிழா, ஃபிரிஞ்ச் என்ற கலைவிழா எல்லாம் ஆகஸ்டில். ஆய்வேடு கொடுப்பதும் அப்போதுதான் என்கிறார்கள். விழாவில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே எழுதி முடிக்க முடியுமா? நூலகம், வீடு விஷயத்தில் எதைக் கவனிக்கணும்?

கருவேலம்:
முடியும். ஆனால் முழு வரைவு ஜூலை இறுதிக்குள் கையில் இருக்கணும். 180 கிரெடிட்டில் 60 ஆய்வேட்டுக்கு, ஏறக்குறைய 15,000 சொற்கள். பலருக்கும் இழுபறி தலைப்பில்தான். ‘ஸ்காட்டிஷ் நாவலில் நகரம்’ என்று எடுத்தால் படித்தே மாளாது. ஒரு எழுத்தாளர், இரண்டு நாவல், ஒரு கேள்வி போதும். அதை மார்ச்சுக்குள் முடிவுசெய்து வழிகாட்டியிடம் பேசிடுங்க. கோடையில் அவர்களும் விடுப்பில் போவார்கள்.

மாணவர் விசாவில் வேலைக்கு வாரம் 20 மணி நேரம்தான். இளங்கலை மாணவர்கள் கோடையில் முழுநேரம் வேலை செய்வதைப் பார்த்து நீங்களும் ஒத்துக்கொள்ள வேண்டாம். முதுகலைக்கு ஆய்வேட்டுக் காலமும் பாடக்காலக் கணக்கே. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30 என்று சராசரி காட்ட முடியாது. டிக்கெட் கவுண்டர், அரங்க வாசல் மாதிரி சம்பளச் சீட்டு வரும் வேலை சரி. மேடையேறிப் பணம் வாங்குவதும், ஃப்ரீலான்ஸாக விமர்சனம் எழுதிக் காசு வாங்குவதும் மாணவர் விசாவில் கூடாது. இலக்கிய மாணவர்கள் சிக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்.

பனங்காடு:
நான்காம் ஜார்ஜ் பாலம் (George IV Bridge) என்ற தெருவில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் முதல் வாரமே வாசகர் அட்டை எடுத்துடுங்க, இலவசம். பிரிட்டனில் வெளியாகும் நூல்களைக் கேட்டுப்பெறும் சட்ட உரிமை உள்ள நூலகம் அது. இரவல் கிடையாது, அங்கேயே உட்கார்ந்து படிக்கணும். சில நூல்கள் வேறு கட்டடத்தில் இருப்பதால் முன்கூட்டியே கேட்டு வைங்க. கையெழுத்துப் பிரதி பார்க்கப் போனால் பென்சில்தான், பேனா கூடாது. சட்டப்படி வந்துசேரும் மின்னூல்களை அங்குள்ள கணினியில் மட்டுமே திறக்கலாம், அதுவும் ஒரு நேரத்தில் ஒருவர். தரவிறக்கமும் இல்லை. அதனால் கடைசி வாரத்துக்கு அவற்றைத் தள்ளிப்போடாதீங்க.

தேன்சிட்டு:
நன்றிங்க. வீடு?

பனங்காடு:
விடுதி என்றால், ஒப்பந்தம் முடியும் தேதி ஆய்வேட்டுத் தேதிக்குப் பிறகு வருதா என்று முதலில் பாருங்க. விழா நேரத்தில் புது அறை தேடினால் வாடகை எகிறியிருக்கும்.

கருவேலம்:
தனி வீடென்றால் முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் அதை அங்கீகரிக்கப்பட்ட வைப்புத் திட்டத்தில் 30 வேலை நாளுக்குள் கட்டணும். ஏஜென்ட் தனியாகக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீங்க, ஸ்காட்லாந்தில் அது சட்டவிரோதம்.