வெலிங்டனில் ஒரு பகல்: மேடு ஏறாமல் எதையெல்லாம் பார்க்கலாம்?

நியூசிலாந்துத் தலைநகரில் ஒரு பகல்தான் கையில் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. கார் கிடையாது. எங்கே தொடங்கலாம்?

பதில் 1: நகர மையத்தில் லாம்ப்டன் கீ தெருவில் கேபிள் கார் (தண்டவாளத்தில் கம்பிவடம் இழுக்கும் வண்டி) ஏறுங்கள். 5 நிமிடத்தில் 120 மீட்டர் உயரத்தில் கெல்பர்ன் என்ற மேட்டுப் பகுதியில் விடும். பலர் ஒருவழிச் சீட்டு எடுத்துத் தாவரவியல் பூங்கா வழியே நடந்து இறங்குவார்கள். அம்மாவுக்கு அது வேண்டாம். சரிவில் இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். இருவழிச் சீட்டே எடுங்கள்.

பதில் 2: விக்டோரியா குன்று (196 மீட்டர்) காற்றடங்கிய நேரத்தில் மட்டும். தெற்குக் காற்று கிளம்பினால் உச்சியில் நிற்கவே முடியாது. குடை வீண், மடங்கிவிடும். தலைமூடியுள்ள மழைக்கோட்டு எடுங்கள்.

பதில் 3: மழை பிடித்தால் துறைமுகக் கரையில் தே பாப்பா அருங்காட்சியகம். லிஃப்ட் உண்டு. இலவசம் என்று பழைய பதிவுகள் சொல்லும். 2024 முதல் வெளிநாட்டவருக்குக் கட்டணம்.