பெட் (PET) ஷீட்டை அனீல் பண்ணா (சூட்டுல வச்சிருந்தா) டீஜி (விறைப்பா இருக்குற பிளாஸ்டிக் இளக ஆரம்பிக்குற வெப்பநிலை) ஏறுது, ஆனா ஸ்டெப் காணாம போகுது, ஏன்?

லேப்மூலை:
பெட் ஷீட் (தண்ணி பாட்டில் பிளாஸ்டிக்தான்) டிஎஸ்சில (சூடாக்கும்போது எவ்ளோ வெப்பம் இழுக்குதுனு அளக்குற கருவி) ஓட்டிட்டு இருக்கேன். உருக்கி ஐஸ் தண்ணில முக்கின சாம்பிள்ல டீஜி 72 டிகிரில பளிச்சுனு தெரியுது. அதையே 120 டிகிரில ரெண்டு மணி நேரம் வச்சு, வெள்ளையா ஆனதும் ஓட்டினா டீஜி 84 கிட்ட போயிடுச்சு, ஸ்டெப்பும் (டீஜில வெப்ப ஏற்புத்திறன் தாவுற உயரம்) அகலமாகி தேஞ்சு போச்சு. மெல்ட்டிங் வெப்பம் கிராமுக்கு 49 ஜூல், முழுக்க கிரிஸ்டலா இருந்தா வேண்டிய 140ஆல வகுத்தா 35% கிரிஸ்டல். அப்போ மீதி 65%க்கு ஏத்த ஸ்டெப் வரணும்ல? 0.40ல இருந்து 0.16க்கு விழுந்துடுச்சு. பேஸ்லைன் மூணு தடவை பார்த்துட்டேன், எங்க தப்பு பண்றேன்?

பாகுநிலை:
தப்பே பண்ணல தம்பி. கிரிஸ்டல் (ஒழுங்கா அடுக்கினது), அமார்ஃபஸ் (ஒழுங்கில்லாம கிடக்குறது)னு ரெண்டே பங்கா பிரிக்கிறதுதான் பிரச்சனை. பெட்ல ஒரு லமெல்லா (தட்டு மாதிரி கிரிஸ்டல்) சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனா ஒரு செயினை (நீளமான மூலக்கூறை) நீட்டிப் புடிச்சா நூறு நானோமீட்டர் வரும், அதனால ஒரே செயின் ஒரு கிரிஸ்டல்ல நுழைஞ்சு வெளிய வந்து பக்கத்து கிரிஸ்டல்லயும் மாட்டிக்குது. ரெண்டு முனையும் கட்டின கயிறு நடுவுல எவ்ளோ ஆடும்? கிரிஸ்டலை ஒட்டி இருக்குற பகுதி டீஜில அசையவே அசையாது, சூடு அதுக்கு மேல போகப் போகத்தான் கொஞ்சம் கொஞ்சமா இளகும். பாலிமர் விஞ்ஞானி வுண்டர்லிக் இதைத்தான் ரிஜிட் அமார்ஃபஸ் (விறைச்ச அமார்ஃபஸ்)னு சொன்னார். உன் கணக்குலயே பாரு, 0.16/0.40 = 40% தான் ஆடுது, கிரிஸ்டல் 35%, மிச்சம் 25% கட்டிப்போட்டது. ஆடுற 40%கூட ரெண்டு சுவருக்கு நடுவுல நெருக்கடில இருக்கு, அதான் டீஜி ஏறி அகலமாகுது. பாலிஎத்திலீன் மாதிரி செயின் சுலபமா மடங்கினா இவ்ளோ வராது, பெட்ல பென்சீன் வளையம் இருக்கே, மடங்கவே அடம்புடிக்கும்.

வெள்ளைப்பொடி:
மேல சொன்னது சரி. ஆனா சாம்பிளை நல்லா காயவச்சீங்களா? பெட் ஈரம் இழுக்கும், ஈரம் டீஜிய கீழ இறக்கிடும், அப்புறம் ரெண்டு சாம்பிளை ஒப்பிடவே முடியாது. கோல்ட் கிரிஸ்டலைசேஷன் பீக் (டிஎஸ்சில சூடாக்கும்போதே புதுசா கிரிஸ்டல் ஆகுறது) மிச்சம் இருந்தா அதையும் 49ல இருந்து கழிக்கணும், இல்லன்னா கிரிஸ்டல் கூடுதலா காட்டும்.

லேப்மூலை:
வேக்கம் அவன்ல ராத்திரி முழுக்க வச்சேன், கோல்ட் பீக்கும் இல்ல. அப்போ 220ல அனீல் பண்ணா கிரிஸ்டல் இன்னும் கூடும், டீஜியும் இன்னும் ஏறும்தானே?

பாகுநிலை:
அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. பெட்ல டீஜி ஒரு உச்சிக்குப் போயிட்டு திரும்ப இறங்கும். 120ல சின்னச் சின்ன கிரிஸ்டல் நெருக்கமா நிறைய வரும், அதனால ஒட்டுற பரப்பு ஜாஸ்தி. 220ல அதெல்லாம் தடிச்சு ஒழுங்காகும், நடுவுல இருக்குற இடைவெளியும் பெருசாகும், செயினுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். அதனால எத்தனை பர்சன்ட்ங்கிறதை விட எப்படி அடுக்கியிருக்குனு பாரு, எஸ்ஏஎக்ஸ்எஸ் (சின்னக் கோண எக்ஸ்ரே சிதறல்) கிடைச்சா அந்த இடைவெளியையும் அளந்துடு.