டயர் பக்கச்சுவரில் வீக்கம்: தப்பு ஓட்டியவர் மேலா, விற்றவர் மேலா?

வேலூர்வாசி:
கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. டாப் வேரியண்ட், 16 அங்குல அலாய் வீல், 195/55 டயர். இடது முன் டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருக்கிறது. ஷோரூமில் கேட்டால் டயருக்குத் தங்கள் வாரண்டி கிடையாது, டயர் கம்பெனியிடம் போங்கள் என்கிறார்கள். டயர் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, பள்ளத்தில் அடிபட்டது, தயாரிப்புக் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இன்சூரன்ஸில் டயர் மட்டும் சேதமானால் பணம் கிடையாதாம். மூன்று பேரும் கைகழுவிவிட்டார்கள். இது நியாயமா?

கோவை மெக்கானிக்:
நண்பரே, கோபம் புரிகிறது. ஆனால் டயர் கம்பெனி ஆள் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பள்ளத்தின் விளிம்பில் வேகமாக மோதும்போது ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்குகிறது. உள்ளே இருக்கும் நூலிழைகள் அங்கே அறுந்துவிடும். வெளியே ரப்பர் கிழியாமல் இருப்பதால் அப்போது ஒன்றும் தெரியாது. பிறகு உள்ளிருக்கும் காற்று, பலமில்லாத அந்த இடத்தை வெளியே தள்ளும். டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கம் பாருங்கள், நசுங்கிய தடம் இருக்கும். ரிம் உதடும் அதே இடத்தில் வளைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று. பக்கச்சுவரில் உள்நோக்கிய லேசான குழி, மேலிருந்து கீழாகக் கோடு மாதிரி இருந்தால் அது இழைகளைச் சேர்த்த இணைப்பு, அதனால் ஆபத்தில்லை. வெளியே புடைத்தால்தான் ஆபத்து.

நெடுஞ்சாலை ராசா:
அண்ணே, அடிபட்டதா இல்லையா என்பது வேறு கேள்வி. இந்தச் சாலையில் அடிபடாமல் யார் ஓட்ட முடியும்? நம் நாட்டில் பள்ளம் இருக்கிறது என்று கார் செய்கிறவனுக்குத் தெரியாதா? தெரிந்தே பக்கச்சுவரைக் குறைத்து, பளபளக்கும் பெரிய சக்கரத்தை மாட்டி விற்கிறான்.

கணக்கைப் பாருங்கள். அதே காரின் கீழ் வேரியண்டில் 185/65 ஆர்15 வருகிறது, அதாவது 185 மில்லிமீட்டர் அகலம், 15 அங்குல ரிம். பக்கச்சுவர் உயரம் 185-இல் 65 சதவீதம், அதாவது 120 மில்லிமீட்டர். டாப் வேரியண்டின் 195/55-இல் அது 107 மில்லிமீட்டர்தான். சக்கரத்தின் மொத்த விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர். ஆக, இரும்பும் அலுமினியமும் கூடி, அடியை வாங்க வேண்டிய ரப்பர் குறைந்திருக்கிறது. கூடுதல் ஏர்பேக்கும் சன்ரூஃபும் வேண்டும் என்றால் இந்தச் சக்கரத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். வாங்குபவர் தேர்ந்தெடுத்தார் என்று எப்படிச் சொல்வது?

கோவை மெக்கானிக்:
பதின்மூன்று மில்லிமீட்டர் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதே அளவு டயரில் பல வருடம் ஓட்டி ஒரு வீக்கமும் இல்லாதவர்கள் என் கடைக்கே வருகிறார்கள். அவர்கள் காற்றைச் சரியாக வைத்திருக்கிறார்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் எவ்வளவு பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கிறது. வண்டி குளிர்ந்திருக்கும்போது அதைப் பார்த்து அடிக்க வேண்டும். இங்கே வரும் பாதி வண்டிகளில் காற்று குறைவு. காற்று குறைந்தால் நசுங்குவது எளிது. இதற்கும் கம்பெனியா பொறுப்பு?

வேலூர்வாசி:
பெட்ரோல் போடும்போதெல்லாம் காற்று பார்க்கிறேன் சார். இது நடந்தது வாலாஜா பக்கம், ஆறுவழிப் பணி நடக்கும் மாற்றுப்பாதையில். இரவு மழை, பள்ளம் நிறைய தண்ணீர். இறங்கிய பிறகுதான் பள்ளம் என்றே தெரிந்தது.

நெடுஞ்சாலை ராசா:
அதைத்தான் சொல்கிறேன். மதுரவாயல் முதல் வாலாஜா வரை சாலை மோசம் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2020 டிசம்பரில் பாதி டோல்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நீதிமன்றம் வரை தெரிந்த பள்ளம், கார் கம்பெனியின் சோதனை ஓட்டத்தில் மட்டும் தெரியாதா?

இன்னொரு ஆதாரம் உங்கள் டிக்கியிலேயே இருக்கும். ஸ்டெப்னியை எடுத்துப் பாருங்கள். அலாய் வீல் வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி மட்டும் 185/65 ஆர்15 இரும்பு வீல். அந்த அளவு இந்த வண்டிக்குப் பொருந்தும் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டதுதானே அது? அப்படியென்றால் அதே அளவில் நான்கு சக்கரம் கேட்டால் ஏன் தரக்கூடாது?

அறம் வழக்கறிஞர்:
இடையில் நுழைகிறேன். இன்சூரன்ஸ் விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி. வழக்கமான பாலிசியில் வண்டியும் சேர்ந்து சேதமானால்தான் டயருக்குப் பணம், அதுவும் பாதிதான். டயருக்கென்று தனியாக ஆட்-ஆன், அதாவது கூடுதல் காப்பீடு, எடுத்திருந்தால் வேறு கதை, பாலிசியைப் பாருங்கள்.

டயர் கம்பெனியின் அறிக்கையை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய டயரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் உள்பக்கம் நசுங்கிய தடம் இருந்தால் தயாரிப்புக் குறை என்று வாதாடி ஜெயிப்பது கஷ்டம். ராசா சொல்லும் வடிவமைப்பு வாதத்துக்கு நிபுணர் அறிக்கை வேண்டும்.

கோவை மெக்கானிக்:
ராசா, கேட்டால் 15 அங்குலம் தர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அடிபட்ட டயருக்குக் கம்பெனி பணம் தர வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அப்படித் தந்தால் அந்தச் செலவு காற்று பார்த்து ஓட்டுகிறவர் தலையிலும் விழும்.

நெடுஞ்சாலை ராசா:
முழுப் பணம் வேண்டாம். முதல் வருடம் பாதியாவது தரட்டும். அப்போதுதான் அடுத்த மாடலில் எந்த அளவு டயர் போடலாம் என்று யோசிப்பார்கள்.

கோவை மெக்கானிக்:
அது நடக்கும்போது பேசுவோம். வேலூர் நண்பரே, வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். வீங்கிய டயரை ஒட்டவோ சரிசெய்யவோ முடியாது, எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறி வெடித்தால் முன் சக்கரம் கையில் நிற்காது. இன்றே ஸ்டெப்னியை மாட்டுங்கள். அதில் 80 கிலோமீட்டர் வேகம் என்று ஸ்டிக்கர் இருந்தால் அதைத் தாண்டாதீர்கள். புது டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024-இல் 23-ஆவது வாரம் செய்தது. பழைய சரக்கைத் தள்ளினால் வாங்காதீர்கள்.

வேலூர்வாசி:
டிக்கியில் 185/65 ஆர்15தான் இருக்கிறது, ராசா சொன்ன மாதிரியே. மாட்டிவிட்டேன். டயரை நாளைக்குக் கழற்றி, உள்பக்கம் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.