புதுப்பிப்பு: நண்பரின் கோல்ஃப் ஜிடிஐ எந்த ஆண்டு வண்டி?

நண்பரின் முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 1983இல் தயாரானது என்று சென்ற வாரம் அடித்துச் சொல்லியிருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். சேசிஸ் எண்ணின் (வண்டியின் அடையாள எண்) பத்தாவது இடத்தில் உள்ள 'டி' (D) 1983 மாடல் ஆண்டைத்தான் குறிக்கிறது, தயாரான ஆண்டை அல்ல; மாடல் ஆண்டு முந்தைய ஆண்டின் ஆகஸ்ட்டிலேயே தொடங்கிவிடும். ஃபோக்ஸ்வாகனின் தலைமையிடமான வொல்ஃப்ஸ்பர்க்கிலிருந்து வந்த, வண்டியின் தயாரிப்பு விவரம் சொல்லும் 'பிறப்புச் சான்றிதழில்' 1982 அக்டோபர் என்று இருக்கிறது. சேசிஸ் எண்ணில் அடுத்த எழுத்தான 'டபிள்யூ' வொல்ஃப்ஸ்பர்க் ஆலையைக் குறிக்கும். அதை மட்டும் சரியாகச் சொல்லியிருந்தேன்.

எஞ்சின் பிளாக்கில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபோது 'டிஎக்ஸ்' (DX) என்ற எஞ்சின் குறியீடு தெரிந்தது: 1.8 லிட்டர், 112 குதிரைத்திறன். பழைய 1.6 லிட்டர் எஞ்சின் என்றால் 'ஈஜி' இருந்திருக்கும். ஆக, புதிய எஞ்சின் வந்த கையோடு வெளிவந்த வண்டி. 5,000 விற்றால் போதும் என்று 1976இல் தொடங்கிய கார், முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்தைத் தாண்டியது! ஐந்து கியரா என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள், ஆமாம், ஐந்துதான்.