புதுப்பிப்பு: முயலையும் கினி பிக்கையும் ஒரே கூண்டில் விடலாமா? பிரித்துவிட்டேன்

கிருஷ்ணகிரியில் இருந்து இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன்: முயலோடு ஒரே கூண்டில் இருக்கும் கினி பிக் மூலையிலேயே பதுங்குகிறது, சரியாகச் சாப்பிடவில்லை, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "இன்றைக்கே பிரிங்க தம்பி" என்று எழுதிய அக்கா சொன்னதுதான் சரியான வழி.

அன்று இரவே தனிக் கூண்டு. மறுநாள் தூக்கிப் பார்த்தபோது விலாப்பக்கம் முடி உதிர்ந்து, தோலில் சின்னக் கீறல். முயல் பின்னங்காலால் உதைத்திருக்கிறது. மனசு கேட்கவில்லை.

தும்மலும் இருந்ததால் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். போர்டெடெல்லா என்ற பாக்டீரியா முயலின் மூக்கில் நோய் காட்டாமலே இருக்கும், கினி பிக்குக்கு நிமோனியா வரை கொண்டுபோகும் என்றார். பென்சிலின் வகை மருந்தை கினி பிக்குக்கு வாய்வழி கொடுக்கவே கூடாதாம். வீட்டில் இருப்பதை யாரும் கொடுத்துவிடாதீர்கள்.

தீவனமும் தவறு. கினி பிக் உடம்பில் வைட்டமின் சி தானாக உருவாகாது, முயலுக்கு உருவாகும். முயல் தீவனத்தையே இரண்டுக்கும் போட்டு வந்தேன். இப்போது காய்ந்த புல்லோடு தினமும் குடைமிளகாய்த் துண்டு. கினி பிக்கின் எடை முன்பு சமையல் தராசில் 610 கிராம் இருந்தது, இப்போது 720.

எதிர்பாராதது ஒன்று: துணைக்கு இன்னொரு பெண் கினி பிக் வாங்கினேன், மருத்துவர் பார்த்து அது ஆண் என்றார். மாற்றி வாங்கி, இரண்டு வாரம் தனியே வைத்துச் சேர்த்தேன். இப்போது என் காலடிச் சத்தம் கேட்டாலே இரண்டும் சேர்ந்து கீச்சிடுகின்றன.