வெளிநாட்டு மாணவர்களோடு படித்தவர்கள், வெளிநாட்டில் படித்தவர்கள்: உங்கள் அனுபவம்?

பழைய ஹாஸ்டல்வாசி:
2012-ல் சென்னையில் எம்.இ. படித்தபோது என் அறைத்தோழர் ஒரு எத்தியோப்பியர். ஊரில் கல்லூரி ஆசிரியர், பிஎச்.டி.க்காக வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர், அதனால் அண்ணா என்றே கூப்பிட்டேன்.

முதல் வாரம் "மூன்று மணிக்கு லேபில் பார்ப்போம்" என்றார். நான் மதியம் போய் நின்றேன், ஆள் இல்லை. அவர் காலை ஒன்பதுக்கே வந்து காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார். அவர்கள் ஊரில் விடிந்ததிலிருந்துதான் மணியை எண்ணுவார்களாம். நம் ஏழு மணி அவர்களுக்கு ஒன்று. எங்கள் தாத்தா உதயத்திலிருந்து நாழிகை எண்ணுவார் என்று சொன்னேன். அன்று ராத்திரி பேச்சு முடியவே இல்லை. அவர்களுக்கு வருஷத்துக்கு 13 மாதம், கடைசி மாதத்தில் ஐந்தோ ஆறோ நாள்தான். அந்த செப்டம்பர் 11-ல் அவருக்கு 2005-ஆம் வருஷம்தான் பிறந்தது, நம்மைவிட ஏழு வருஷம் பின்னால். "இனி நீதான் எனக்கு அண்ணன்" என்றார்.

புதனும் வெள்ளியும் நோன்பு, பால்கூடத் தொடமாட்டார். எங்கள் மெஸ்ஸில் புதன்தான் சிக்கன். அவருடைய டோக்கன் யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை. தோசையைப் பார்த்துவிட்டு "இன்ஜெரா (அவர்கள் ஊர்ப் புளித்த மாவு அப்பம்) மாதிரி இருக்கிறது, ஆனால் புளிப்பு போதாது" என்பார்.

அவருடைய அப்பாவுக்குப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் ஒரு இந்தியராம். அவர்களுடைய பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் இங்கிருந்து நிறைய வாத்தியார்கள் அங்கே போயிருக்கிறார்கள். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அடுத்த வருஷம் கல்லூரி வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனி பிளாக் கட்டியது. ஏசி, தனிச் சமையலறை எல்லாம் உண்டு. அதோடு எங்கள் பேச்சு போச்சு. ஆண்டு விழாவுக்கு அவர்களை வேட்டி கட்டச் சொல்லி எடுத்த படம் மட்டும் அட்மிஷன் புத்தகத்தில் பல வருஷம் வந்தது.

ஜெர்மனி ரிட்டர்ன்:
என் கதை தலைகீழ். அங்கே போய் ஐந்து தமிழ்ப் பசங்களோடு வீடு எடுத்தேன். ஒரு வருஷத்தில் ரசம் நன்றாக வைக்கக் கற்றுக்கொண்டேன், ஜெர்மன் வரவில்லை. முதல் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். ஏதோ தகராறு என்று நினைத்தேன். கைதட்டலுக்குப் பதில் அதுதான் அங்கே வழக்கம்!

டாண்டம் என்று ஒன்று உண்டு: ஒரு மணி நேரம் உன் மொழி, ஒரு மணி நேரம் என் மொழி. என்னோடு சேர்ந்த மாணவிக்கு நாம், நாங்கள் வித்தியாசத்தைப் புரியவைக்கவே இரண்டு வாரம் ஆனது. ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். "நாம் நாளைக்குப் பரீட்சை எழுதுகிறோம்" என்பாள். எழுதப்போவது அவளும் அவள் வகுப்பும்தான், நான் இல்லை.

வாத்தியார்:
ஹாஸ்டல்வாசி சொன்ன தனி பிளாக்குக்கு நிர்வாகத்தின் பக்கமும் ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருந்தால் வார்டனுக்கு வேலை மிச்சம். சரி, அதற்காகப் பக்கத்து அறையில் தமிழ்ப் பையன் இருக்கக்கூடாதா என்று கேட்டால் பதில் வராது.

வெளியே வீடு தேடினால் அதைவிட மோசம். எத்தியோப்பிய மாணவர் ஒருவரோடு ஏழெட்டுத் தெரு சுற்றினேன். நிறத்தைப் பார்த்ததுமே பாதி வீடுகளில் முகம் மாறியது. ஒரு மாமி மட்டும் "அசைவம் சமைப்பாளே" என்று இழுத்தார். புதன், வெள்ளி சமாசாரம் அன்றைக்கே தெரிந்திருந்தால் அங்கேயாவது பேசிப் பார்த்திருப்பேன்.