17 கொடுத்த கார் இப்போது 13.5 தான் தருகிறது, எல்லாம் எத்தனாலா?

ஜிஎஸ்டி_சாலை:
2016 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஎஸ்4, மேனுவல். தினமும் தாம்பரம் – கிண்டி, போக வர 32 கி.மீ., ஏசியுடன். லிட்டருக்கு 17 கி.மீ. கிடைத்தது, சில மாதங்களாக 13.5. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். சர்வீசில் இன்ஜெக்டர் கிளீனிங் செய்யச் சொல்கிறார்கள். புகைச் சோதனையில் பாஸ். மேம்பால இறக்கங்களில் நியூட்ரலில்தான் விடுகிறேன். வேறு எதைப் பார்க்கலாம்?

லிட்டர்_கணக்கு:
முதலில் எத்தனாலின் பங்கைப் பிரித்துவிடுவோம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் மொத்த ஆற்றல் 6–7 சதவீதம் குறையும். 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையும் பழைய கார்களுக்கு இதே அளவைத்தான் சொன்னது. அப்படிப் பார்த்தால் 17 என்பது 15.8 ஆகியிருக்க வேண்டும். மீதி 2.3 கி.மீ. வேறெங்கோ போகிறது.

13.5 டேஷ்போர்டு காட்டும் எண் என்றால் நம்பாதீர்கள். ஒரே பெட்ரோல் பங்க்கில், ஒரே பம்பில், முதல் ஆட்டோ கட் விழுந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். "ரவுண்டா போட்டுடவா சார்" என்றால் வேண்டாம். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். மூன்று டேங்க் சராசரி எடுத்தால்தான் அது மைலேஜ்.

இரண்டாம்_கியர்:
நியூட்ரல் பழக்கத்தை இன்றே விடுங்க ப்ரோ. கார்புரேட்டர் காலத்துப் பாடம் அது. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சுமார் 1,200–1,500 ஆர்பிஎம் வரை இறங்கும்வரை இன்ஜெக்டர் பெட்ரோலே தெளிக்காது. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் எரியும், இன்ஜின் பிரேக்கும் போய்விடும்.

சிக்னல் சிவப்பு என்று தூரத்தில் தெரிந்ததும் காலை எடுத்து, கியரிலேயே உருளவிடுங்கள். ஊர்ந்து போகும் நெரிசலில் அரை கிளட்சில் தொங்காமல், முன்னால் இரண்டு கார் இடம் விட்டு இரண்டாம் கியரில் மெதுவாகப் போனால் நின்று நின்று புறப்படுவது குறையும். ஏசியோடு நின்றால் இந்த அளவு இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் சிக்னலில் அணைத்துவிடலாம், ஆனால் பேட்டரி பலவீனமாக இருந்தால் வேண்டாம்.

பட்டறை_ஸ்பானர்:
இன்ஜெக்டர் கிளீனிங்குக்கு இப்போது பணம் கொடுக்க வேண்டாம். ஏர் ஃபில்டரும் காரணமாக இருக்காது: இன்ஜெக்ஷன் வண்டியில் அது அடைத்தால் இழுவைதான் குறையும், வருகிற காற்றுக்கேற்பப் பெட்ரோலை இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) குறைத்துக்கொள்ளும்.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். அளவு டிரைவர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருக்கும். அடுத்து பிரேக். அதிகம் பிரேக் போடாமல் 5 கி.மீ. ஓட்டி நிறுத்தி, நான்கு வீல் பக்கத்திலும் கையை அருகே கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன்வீல் ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் நகரும் பின் (pin) இறுகியிருக்கலாம். பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே ஓடும். ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகத் தெரியும்.

இரண்டும் சரியாக இருந்தால், காரின் கணினித் தகவல்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, ஓடும்போது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டி_சாலை:
டயர், பிரேக் சரி. நெரிசலில் 85 டிகிரி காட்டுகிறது. பெருங்களத்தூர் தாண்டி 70-இல் போனால் 66-க்கு இறங்கிவிடுகிறது.

பட்டறை_ஸ்பானர்:
அப்போ தெர்மோஸ்டாட்தான் சார், இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது முன்பு எப்போதோ "சூடு ஏறுது" என்று யாரோ கழற்றிவிட்டார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் இந்தத் தப்பு சகஜம். இன்ஜின் சூடாகாவிட்டால் இன்னும் வார்ம்-அப் முடியவில்லை என்று நினைத்து இசியு கூடுதலாகப் பெட்ரோல் தரும். ஆயில் கெட்டியாகவே இருக்கும். காலை எடுத்தால் பெட்ரோல் நிற்கும் என்று மேலே நண்பர் சொன்னதுகூடப் பல வண்டிகளில் முழுச் சூடு வரும்வரை வேலை செய்யாது. புகைச் சோதனையில் பாஸ் ஆனதில் வியப்பில்லை. அங்கே நின்ற இடத்தில், சுமையில்லாமல், இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் அளக்கிறார்கள்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழற்றச் சொல்லுங்கள். உள்ளே தெர்மோஸ்டாட் இருந்தால், ஆறிய நிலையில் வால்வு மூடியிருக்க வேண்டும். புதியது அதே டிகிரியில் திறப்பதாக வாங்குங்கள், அதன் மேலேயே பொறித்திருக்கும். அதில் சின்ன ஆடும் பின் (pin) இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், இல்லையேல் காற்று சிக்கும். ரப்பர் சீலும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். துரு பிடித்துப் புதிய வால்வும் சிக்கும். தயாராகக் கலந்த கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐட்லிங்கில் விட்டு, ஆறியபின் அளவு பார்த்து நிரப்புங்கள். பிறகு அதே பம்பில் மறுபடி அளவெடுங்கள்.